பட்டாவில் உங்கள் பெயர் ஏறும் வரை: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வீடு வாங்குவோருக்கு

முன்பணம் கட்டியாயிற்று, சாவி கைக்கு வந்தாயிற்று, பால் காய்ச்சிக் குடியேறியும் ஆயிற்று. ஆனாலும் சட்டப்படி அந்த வீடு இன்னும் உங்களுடையது ஆகாமல் இருக்கலாம். 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் பதிவேட்டைத்தான் நம்புகிறது. நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். எத்தனை ஆண்டு வாழ்ந்தோம், யார் பணம் கட்டினார்கள் என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும். பினாங்கின் கம்போங் புவா பாலாவில் தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் வீடுகள் 2009-இல் இடிக்கப்பட்டன. நிலப்பட்டா அவர்கள் பெயரில் இல்லாததால், கூட்டரசு நீதிமன்றம் வரை போயும் அந்தக் கிராமத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் ஒவ்வொரு தாளையும் ஒரே கேள்வியோடு பாருங்கள்: என் பெயர் பட்டாவில் ஏற இது எப்படி உதவுகிறது? இங்கே பெரும்பாலும் பேசுவது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறும் வீட்டைப் பற்றி, ஏஜெண்டுகள் ‘சப்சேல்’ என்று சொல்வது. மேம்பாட்டாளரிடம் புது வீடு வாங்குவதைப் பற்றிப் பின்னால் சுருக்கமாக உண்டு.

வீடு பார்க்கும் முன் கடன் கோப்பு

வீட்டைப் பார்த்து மனம் பறிகொடுத்த பிறகு வங்கிக்குப் போகாதீர்கள். முதலில் பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையை, அதாவது உங்கள் கடன் வரலாற்றை, இணையத்தில் எடுங்கள், காசில்லை. கடந்த 12 மாதங்களில் நீங்கள் கட்டிய, கட்டத் தவறிய தவணைகள் அதில் மாதவாரியாக இருக்கும். மறந்துபோன ஒரு கிரெடிட் கார்டு பாக்கியும், நண்பருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்தும் அங்கேதான் தலைகாட்டும். சிக்கல் இருந்தால் தீர்த்துவிட்டு, சில மாதம் ஒழுங்காகக் கட்டிய பிறகு விண்ணப்பிப்பது நல்லது. அண்மையில் போட்ட கடன் விண்ணப்பங்களும் வங்கிகளின் கண்ணில் படும்.

மாதச் சம்பளக்காரருக்குத் தேவையானவை: அடையாள அட்டை நகல், மூன்று முதல் ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அதே மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கை, இபிஎஃப் அறிக்கை, இஏ படிவம், வரி கட்டுபவராக இருந்தால் பிஇ படிவமும் கட்டிய ரசீதும். சொந்தத் தொழில் என்றால் எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தின் பதிவு, ஆறு மாதமோ அதற்கு மேலோ நிறுவனக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு. பூக்கடை, சாப்பாட்டுக்கடை நடத்துபவர்களுக்கு இங்கேதான் இடிக்கும். வருமானம் இருக்கும், ஆனால் ரொக்கமாகவே புழங்கியிருக்கும். வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் ஓராண்டுக்கு முன்பே அன்றன்றைய வசூலை வங்கியில் போட்டு எடுக்கும் பழக்கத்தைத் தொடங்குங்கள். நிலையான சம்பளம் இல்லாதவர்களுக்கு அரசின் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டமும் உண்டு, எஸ்ஜேகேபி என்று கேளுங்கள்.

பொதுவாக முதல் இரண்டு வீடுகளுக்கு 90 விழுக்காடு வரை கடன் கிடைக்கும். மூன்றாவது வீட்டுக்கு 70 விழுக்காடுதான்.

முன்பணம் கொடுக்கும் தாள்

வீடு பிடித்துப்போனால் ஏஜெண்ட் ஒரு தாளை நீட்டுவார், ‘லெட்டர் ஆஃப் ஆஃபர்’. அதில் கையெழுத்திட்டு விலையில் 2 அல்லது 3 விழுக்காட்டைக் கட்டுவது வழக்கம். மொத்தம் 10 விழுக்காடு ஆகும்படி மீதியை விற்பனை ஒப்பந்தத்தின்போது கட்ட வேண்டியிருக்கும், பெரும்பாலும் 14 வேலை நாட்களுக்குள். இந்த ஒரு பக்கத் தாளை அவசரமாகப் போட்டுவிட்டுப் பின்னால் வருந்துபவர்கள்தான் அதிகம். கையெழுத்துக்கு முன் இவற்றைப் பாருங்கள்.

ஏஜெண்டின் பதிவு எண்ணை, ஆர்இஎன் அல்லது ஆர்இஏ என்று தொடங்குவதை, மதிப்பீட்டாளர், சொத்து முகவர் வாரியத்தின் இணையத்தளத்தில் தட்டிப் பார்க்க வேண்டும். பெயரும் முகமும் பொருந்த வேண்டும். பணம் போக வேண்டியது பதிவு பெற்ற முகவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குக்கு, அல்லது வழக்கறிஞரின் வாடிக்கையாளர் கணக்குக்கு. ஏஜெண்டின் சொந்தக் கணக்குக்கு ஒரு வெள்ளிகூடப் போகக் கூடாது. விற்பவர் நேரடியாகக் கேட்டாலும் அதே பதில்தான். ஏஜெண்டின் கமிஷனைக் கொடுப்பது விற்பவர்.

அடுத்தது, கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் முழுவதும் திரும்பும் என்ற வரி அதில் இருக்க வேண்டும். எத்தனை வங்கி நிராகரிக்க வேண்டும், எத்தனை நாளுக்குள் கடிதம் காட்ட வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். “அதெல்லாம் திருப்பித் தந்துடுவோம்ணே” என்ற வாய்ப் பேச்சு பின்னால் நிற்காது. ஏசி, அலமாரி, வாட்டர் ஹீட்டர், கார் நிறுத்துமிட எண் என்று வீட்டோடு வருவதையெல்லாம் இதே தாளில் எழுதி வாங்குங்கள்.

பட்டாவை வாசிப்பது

கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை இரண்டு முறை படிப்பதென்றால் இதைப் படியுங்கள். பட்டா மலாய் மொழியில் இருக்கும், நம்மில் பெரும்பாலோருக்கு அது வாசிக்கத் தெரிந்த மொழிதான். ஆனாலும் யாரும் வாசிப்பதில்லை. விற்பவர் காட்டும் நகலை மட்டும் நம்பாமல், உங்கள் வழக்கறிஞர் நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் எடுக்க வேண்டும். ‘சாரியான் ரஸ்மி’ என்பார்கள். கோலாலம்பூரில் அது கூட்டரசுப் பிரதேச நில, கனிம அலுவலகம். பினாங்கில் கொம்தாரில் இருக்கும் மாநில நில, கனிம அலுவலகமும் அந்தந்த மாவட்ட நில அலுவலகங்களும். பழைய தேடலை வைத்துக்கொண்டு கையெழுத்திடாதீர்கள், ஒப்பந்த நாளை ஒட்டி எடுத்தது வேண்டும்.

முதலில் பட்டாவின் வகை. ‘கெரான்’ என்றால் நிரந்தர உரிமை. ‘பஜாக்கான்’ என்றால் குத்தகை, பெரும்பாலும் 99 ஆண்டு, முடியும் தேதி அதிலேயே இருக்கும். மிச்ச ஆண்டுகள் 60-க்குக் கீழே இறங்கினால் பல வங்கிகள் தயங்கும். நீங்கள் விற்கும்போதும் அதே தயக்கம் வரும்.

அடுத்து ‘கத்தேகோரி பெங்குனாஆன் தானா’, நிலத்தின் பயன்பாடு. ‘பங்குனான்’ என்றிருந்தால் கட்டடம். ‘பெர்த்தானியான்’ என்றிருந்தால் விவசாய நிலம். அதன் மேல் வீடு இருந்தாலும் வங்கிக் கடன் கடினம்.

அதற்குக் கீழே ‘செகாத்தான் கெபெந்திங்கான்’, உரிமை மாற்றத்துக்கான தடை. இந்த இடத்தில் ‘தியாடா’ என்று இருந்தால் தடை எதுவும் இல்லை. ‘தீடாக் போலே டிபிண்டாமிலிக்…’ என்று தொடங்கும் வரி இருந்தால் மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்ற முடியாது என்று பொருள். குத்தகை நிலங்களில் இது வெகு சாதாரணம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒப்புதலுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஒப்புதல் கிடைக்காமல் ஒப்பந்தம் உயிர்பெறாது என்பதை எஸ்பிஏவில், அதாவது விற்பனை ஒப்பந்தத்தில், எழுத வேண்டும். குறைந்த விலை வீடுகளுக்கு விற்பனைத் தடைக் காலமும் வாங்குபவர் தகுதியும் சேர்ந்துவரும், ஒப்புதல் நிச்சயம் என்று யார் சொன்னாலும் முன்பணத்தை அதன் மேல் பந்தயம் கட்டாதீர்கள்.

‘தானா ரிசாப் மெலாயு’ என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அந்த வீட்டை அங்கேயே விட்டுவிட வேண்டும். அந்த நிலம் மலாய்க்காரர் அல்லாதார் பெயரில் ஏறாது. ‘பூமி லாட்’ வேறு கதை. ஒரு திட்டத்தில் பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கிய வீடு அது, சந்தையைவிடச் சற்று மலிவாக விளம்பரத்தில் வரும். மாநில அதிகாரிகள் விடுவித்தால்தான் நமக்கு மாற முடியும், பெரும்பாலும் விடுவிப்பதில்லை. ‘விலை குறைவு, ஆனா கொஞ்சம் பேப்பர் வேலை இருக்கு’ என்று ஏஜெண்ட் சொன்னால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

கடைசிப் பகுதி ‘ரெக்கோட் உருசான்’, அந்த நிலத்தின் மேல் பதிவானவை. வங்கி அடமானம் இருந்தால் ‘காடாயான்’ என்று வரும், அது சாதாரணம், விற்பனைப் பணத்திலிருந்தே தீர்க்கப்படும். ‘காவியாட்’ என்று இருந்தால் யாரோ அந்தச் சொத்தின் மேல் உரிமை கோருகிறார்கள். யார், ஏன் என்று தெரியாமல் நகராதீர்கள். விவாகரத்து, பங்காளிச் சண்டை, கட்டாத கடன், எதுவாகவும் இருக்கலாம்.

அடுக்குமாடி வீடுகளில் இன்னொரு கேள்வி உண்டு: தனி ஸ்ட்ராத்தா பட்டா வந்துவிட்டதா? செந்தூல், ஜாலான் ஈப்போ, ஆயர் ஈத்தாம் என்று எந்தப் பக்கம் பார்த்தாலும், பழைய அடுக்குமாடிகளில் மொத்த நிலமும் இன்னும் மேம்பாட்டாளர் பெயரில் ஒரே தாய்ப்பட்டாவாக இருக்கக்கூடும். அப்படியானால் பெயர் மாற்றத்துக்குப் பதில் உரிமை ஒப்படைப்புப் பத்திரம் போடுவார்கள், மேம்பாட்டாளரின் உறுதிக் கடிதமும் வேண்டும். மேம்பாட்டாளர் நொடித்துக் கலைக்கப்பட்டிருந்தால் கலைப்பு அதிகாரியைத் தேடிப் போக வேண்டும். மூன்று மாத வேலை ஓராண்டானாலும் ஆகும். பட்டா வெளியாகியும் விற்பவர் இன்னும் தன் பெயருக்கு மாற்றாமல் இருந்தாலும் சிக்கல்தான்: முதலில் மேம்பாட்டாளரிடமிருந்து அவருக்கு, பிறகு அவரிடமிருந்து உங்களுக்கு. அந்த முதல் மாற்றத்தின் செலவு விற்பவருடையது என்று ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

பினாங்கில் நிலம் ஒருவருடையது, மேலே உள்ள வீடு இன்னொருவருடையது என்ற பழைய ஏற்பாடுகளும் உண்டு. நில வாடகை கட்டிக்கொண்டு குடியிருப்பவர்கள் ‘வீட்டை’ விற்க முன்வருவார்கள். வாடகை உரிமையைத்தான் அங்கே வாங்குகிறீர்கள், மண்ணை இல்லை. ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அந்த எல்லைக்குள் பழைய கடைவீடு வாங்குபவர்கள், எதை இடிக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று பினாங்கு மாநகர் மன்றத்தில் கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

தரை வீடுகளில் பின்கட்டை நீட்டிச் சமையலறையும் அறையும் கட்டியிருப்பார்கள். ஒப்புதல் பெற்ற வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வங்கி மதிப்பீட்டாளர் அந்தப் பகுதியைக் கணக்கில் எடுக்காமல் விடலாம், நாளை மாநகர் மன்றம் இடிக்கச் சொன்னால் செலவு உங்களுடையது.

பெயர் என்ற சிக்கல்

தமிழர் வீட்டு விற்பனைகளில் அதிக நாளைத் தின்பது இதுதான். 1970-களில் எழுதிய பட்டாவில் ‘எஸ்/ஓ’ என்றிருக்கும், இன்றைய மைகார்டில் ‘ஏ/எல்’ என்றிருக்கும். ‘முனியாண்டி’ இரண்டு தாளில் இரண்டு எழுத்துக்கூட்டலில் இருக்கும். பட்டாவில் பழைய அடையாள அட்டை எண் மட்டும் இருக்கும். நில அலுவலகம் இரண்டும் ஒரே ஆள் என்று தானாக எடுத்துக்கொள்ளாது. சத்தியப் பிரமாண ஆணையர் முன் சுராட் அக்குவான் என்ற உறுதிமொழிப் பத்திரம் ஒன்றும், தேவைப்பட்டால் தேசியப் பதிவுத் துறையின் உறுதிக் கடிதமும் வேண்டும். விற்பவர் தாத்தாவாக இருந்தால் இதை முதல் வாரமே சரிபார்த்துவிடுங்கள். கடைசியில் கண்டுபிடித்தால் கடன் கடிதத்தின் காலமே முடிந்துபோகும்.

பட்டாக்காரர் இறந்திருந்தால் பிள்ளைகளின் கையெழுத்து மட்டும் போதாது. உயில் இருந்தால் அதை நிறைவேற்றுபவருக்கு நீதிமன்றம் தரும் புரோபேட் வேண்டும். உயில் இல்லையென்றால் சுராட் குவாசா மெந்தாட்பிர் என்ற நிர்வாக அதிகாரக் கடிதம், அல்லது சிறு சொத்துப் பிரிப்பு அலுவலகத்தின் ஆணை. நிர்வாகியாக நியமிக்கப்பட்டவர் நிலத்தை விற்க நீதிமன்ற அனுமதியும் தேவைப்படும். “நாங்க அண்ணன் தம்பி எல்லாரும் ஒத்துக்கிட்டோம்” என்பது நல்ல செய்திதான், ஆனால் பதிவேடு அதைக் கேட்காது. இந்தத் தாள்கள் கையில் வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

விற்பவர் சிங்கப்பூரிலோ வேறெங்கோ இருந்தால், பெயர் மாற்றப் படிவத்தை அங்கே நோட்டரி பப்ளிக் அல்லது மலேசியத் தூதரக அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்பலாம். பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருப்பவர் விற்றால், அது உயர் நீதிமன்றத்தில் பதிவானதா, விற்கும் அதிகாரம் அதில் தெளிவாக உள்ளதா என்று வழக்கறிஞர் பார்க்க வேண்டும்.

இனி உங்கள் பக்கத்துப் பெயர். அண்ணனுக்குக் கடன் கிடைக்கும், தம்பி மாதா மாதம் கட்டுவான் என்ற ஏற்பாடு நம் வீடுகளில் சகஜம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் பட்டாவில் இருப்பது அண்ணன் பெயர். அவர் திவாலானாலோ, விவாகரத்தானாலோ, இறந்தாலோ, கட்டிய தம்பி நீதிமன்றத்தில் ரசீதுகளைக் காட்டிப் போராட வேண்டியிருக்கும். இருவர் பெயரிலும் பங்கு எழுதி வாங்குவது நல்லது. முடியாவிட்டால் வழக்கறிஞரிடம் டிரஸ்ட் பத்திரமாவது எழுதி வையுங்கள்.

கணவன் மனைவி பெயரில் பாதிப் பாதியாக வாங்கினால் ஒருவர் இறந்ததும் மற்றவருக்கு முழுதும் தானாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்நாட்டு நிலச் சட்டத்தில் அப்படி இல்லை. இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளின் சொத்தாகும், உயில் இல்லாவிட்டால் பெற்றோருக்கும் பங்கு போகும். வீட்டுப் பத்திரத்தோடு உயிலையும் எழுதிவிடுங்கள்.

விற்பனை ஒப்பந்தம்

உங்களுக்கென்று தனி வழக்கறிஞரை வையுங்கள், பெயரை வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். அவர் உங்கள் வங்கி ஏற்றுக்கொண்ட வழக்கறிஞர் பட்டியலான பேனலிலும் இருந்தால் எஸ்பிஏ, கடன் ஒப்பந்தம் இரண்டையும் ஒரே அலுவலகத்தில் முடிக்கலாம், நாள் மிச்சமாகும். விற்பவர் திவாலானவரா என்று நொடிப்புத் துறையில் தேடுவதும் வழக்கறிஞரின் வேலை.

பணம் முழுவதையும் கட்டி முடிக்க எஸ்பிஏ பொதுவாக மூன்று மாதம் தரும், அதோடு வட்டியுடன் ஒரு மாத நீட்டிப்பு. மாநில ஒப்புதல் தேவைப்படும் வீட்டுக்கு அந்த மூன்று மாதம் ஒப்புதல் வந்த நாளிலிருந்து ஓட வேண்டும். நீட்டிப்பு மாதத்தின் வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காடு என்பது வழக்கம். 405,000 வெள்ளி பாக்கி என்றால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 89 வெள்ளி. தாமதம் விற்பவராலோ அவர் வங்கியாலோ வந்தால் அந்த நாட்களைக் கழிக்க வேண்டும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும்.

ஒப்பந்தம் கையெழுத்தானதும் உங்கள் வழக்கறிஞர் 19பி படிவத்தில் தனியார் காவியாட் போட வேண்டும். அதற்குப் பிறகு விற்பவர் அதே வீட்டை வேறொருவருக்கு மாற்ற முடியாது. ‘போட்டாச்சா?’ என்று நீங்களே கேளுங்கள், பதிவு எண்ணையும் வாங்கி வையுங்கள்.

ஒப்பந்தத்தில் உண்மை விலையைத்தான் எழுத வேண்டும். கூடுதல் கடனுக்காக விலையை ஏற்றி எழுதலாம் என்று ஏஜெண்ட் சொல்வார். அது வங்கியை ஏமாற்றும் குற்றம், முத்திரை வரியும் ஏறும், மாதத் தவணையும் ஏறும். குறைத்து எழுதினாலும் பலனில்லை. அரசு மதிப்பீட்டுத் துறை சந்தை மதிப்பு அதிகம் என்று சொன்னால், வரி அந்த மதிப்பின் மேல்தான்.

எவ்வளவு பணம் கையில் வேண்டும்

450,000 வெள்ளி வீட்டை எடுத்துக்கொள்வோம், 90 விழுக்காடு கடன். முன்பணம் 45,000: முதலில் 9,000, எஸ்பிஏ நாளில் 36,000. இதிலிருந்து விலையின் 3 விழுக்காடான 13,500 வெள்ளியை உங்கள் வழக்கறிஞர் பிடித்து, ஒப்பந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்புவார். அது விற்பவரின் சொத்து ஆதாய வரிக்கானது. விற்பவர் வெளிநாட்டவர் என்றால் 7 விழுக்காடு. ‘எனக்கு வரி இல்லை, முழுப் பணத்தையும் கொடு’ என்று விற்பவர் கேட்டால் விலக்குக்கான படிவம் காட்டட்டும். பிடிக்காமல் விட்டால் பொறுப்பு வாங்குபவர் தலையில்.

பெயர் மாற்ற முத்திரை வரி குடிமக்களுக்குப் படிப்படியாக ஏறும்: முதல் 100,000-க்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000-க்கு 2, அதன் பிறகு பத்து லட்சம் வரை 3, அதற்கு மேல் 4. நம் வீட்டுக்கு 1,000 + 7,000 = 8,000 வெள்ளி. கடன் ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு, 405,000-க்கு 2,025 வெள்ளி. இது முதல் வீடாக இருந்து மதிப்பு 500,000-ஐத் தாண்டாவிட்டால் இரண்டும் முழு விலக்கு. வரம்பைத் தாண்டினால் விலக்கு அடியோடு போய்விடும். 505,000 வெள்ளி வீட்டுக்கு முத்திரை வரி 9,150, கடனுக்கு 2,272.50. ஆக, 5,000 வெள்ளி பேரம் பேசாமல் விட்டதற்குப் பதினோராயிரத்துக்கு மேல் செலவு. விலை 500,000-ஐ ஒட்டி வந்தால் இங்கே விடாப்பிடியாகப் பேசுங்கள். பரம்பரையாகவோ பரிசாகவோ, கூட்டாகவோகூட இதற்கு முன் வீடு பெயரில் இருந்திருந்தால் முதல் வீடு ஆகாது. அண்ணன் தன் பெயரைக் கொடுத்து உதவினால் அவர் இழப்பது இதையும்தான்.

வழக்கறிஞர் கட்டணம் முதல் 500,000-க்கு 1.25 விழுக்காடு: எஸ்பிஏவுக்கு 5,625, கடன் ஒப்பந்தத்துக்கு 5,062.50, அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி 855. மதிப்பீட்டுக் கட்டணம், தேடல், பதிவு, காவியாட் செலவுகளுக்கு இன்னும் இரண்டு மூவாயிரம் ஒதுக்குங்கள். முதல் வீடு என்றால் ஏறக்குறைய 60,000 வெள்ளி தேவை. வங்கி மதிப்பீட்டாளர் வீட்டை 420,000 என்று போட்டால் கடன் 378,000-ஆகக் குறையும், கூடுதலாக 27,000 கையிலிருந்து போகும். முன்பணம் கட்டும் முன்பே இரண்டு மூன்று வங்கிகளிடம் வாய்மொழி மதிப்பைக் கேட்டுவிடுங்கள், ஏஜெண்ட் இதை ஒரே நாளில் செய்து தருவார்.

இபிஎஃப் செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுக்கலாம். ஆனால் அதற்குக் கையெழுத்தான எஸ்பிஏவும் கடன் கடிதமும் வேண்டும், ஆகவே முன்பணத்துக்கு அது கை கொடுக்காது. எஸ்பிஏ தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கடன் கடிதத்தில் வட்டியோடு இன்னும் இரண்டைப் பாருங்கள்: எத்தனை ஆண்டுக்குள் முழுதாகக் கட்டினால் அபராதம், நீங்கள் இறந்தால் வீட்டுக் கடனைத் தீர்க்கும் எம்ஆர்டிஏ காப்புறுதியைக் கடனில் சேர்த்திருக்கிறார்களா. சேர்த்திருந்தால் அதற்கும் வட்டி ஓடும்.

நில அலுவலகத்தில் நடப்பது

இந்தக் கட்டத்தில் நீங்கள் செய்ய வேண்டியது குறைவு, ஆனால் வரிசை தெரிந்திருந்தால் எங்கே நின்றுவிட்டது என்று கேட்க முடியும். விற்பவரின் வங்கி பாக்கிக் கணக்கைத் தரும். விலைக்கும் கடனுக்கும் முன்பணத்துக்கும் இடையில் பள்ளம் இருந்தால் அதை நீங்கள் முதலில் கட்ட வேண்டும், அதுவரை உங்கள் வங்கி ஒரு காசு விடாது. பிறகு உங்கள் வங்கி விற்பவரின் பாக்கியைத் தீர்க்கும், அவர் வங்கி அசல் பட்டாவையும் விடுவிப்புப் படிவத்தையும் அனுப்பும். முத்திரை வரி கட்டிய 14ஏ படிவம் தயாராக இருக்கும். 16என் அடமான விடுவிப்பு, 14ஏ பெயர் மாற்றம், 16ஏ உங்கள் வங்கியின் அடமானம், மூன்றும் ஒன்றாக நில அலுவலகத்தில் சமர்ப்பிக்கப்படும். அதன் பிறகே மீதிப் பணம் விற்பவருக்குப் போகும், அதன் பிறகே சாவி.

வழக்கமாக நிற்கும் இடங்கள்: விற்பவரின் வங்கி பட்டாவை அனுப்பத் தாமதிப்பது, நில வரி பாக்கி, மேலே சொன்ன பெயர் வேறுபாடு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வழக்கறிஞர் அலுவலகக் கிளார்க்கிடம் பேசுங்கள். கோப்பு அவர் மேசையில்தான் இருக்கும்.

புது வீடு என்றால்

மேம்பாட்டாளரின் உரிம எண்ணையும் விளம்பர, விற்பனை அனுமதியையும் வீடமைப்பு அமைச்சின் தளத்தில் பார்த்துவிடுங்கள். ஒப்பந்தம் சட்டம் வகுத்த படிவமாக இருக்க வேண்டும்: தரை வீட்டுக்கு அட்டவணை ஜி, 24 மாதத்தில் ஒப்படைப்பு. அடுக்குமாடிக்கு அட்டவணை எச், 36 மாதம். தாமதமானால் விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு நட்டஈடு, நாள் கணக்கில். 400,000 வெள்ளி வீட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 வெள்ளி. முன்பதிவுப் பணம் கட்டிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒப்படைப்புக் காலத்தை அந்தத் தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சாவி வாங்கிய பின் குறைபாடுகளுக்கு 24 மாதப் பொறுப்பு உண்டு. விரிசல், நீர்க்கசிவு, உள்ளே வெற்றிடமாக ஒலிக்கும் டைல்ஸ், எல்லாவற்றையும் படத்தோடு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தீராவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். ‘சட்டக் கட்டணம் இலவசம்’ என்றால் அந்த வழக்கறிஞர் மேம்பாட்டாளரின் பேனல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

சாவிக்குப் பிறகு

அடுக்குமாடியானால் சாவி வாங்கும் முன்பே நிர்வாக அலுவலகத்தில் பராமரிப்புக் கட்டணம், சேமிப்பு நிதி பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். பாக்கி இருந்தால் நுழைவு அட்டையை முடக்குவார்கள், அப்போது விற்பவரைத் தேடிக் கண்டுபிடிப்பது உங்கள் பாடு. மின்சாரத்துக்கு டிஎன்பி, தண்ணீருக்குக் கோலாலம்பூரில் ஆயர் சிலாங்கூர், பினாங்கில் பிபிஏபிபி, கழிவுநீருக்கு இண்டா வாட்டர், எல்லாம் பெயர் மாற வேண்டும். மதிப்பீட்டு வரி, நாம் ‘சுக்காய் பிந்து’ என்பது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை டிபிகேஎல் அல்லது பினாங்குத் தீவிலும் பெருநிலத்திலும் உள்ள மாநகர் மன்றங்களுக்கு. நில வரியோ, ஸ்ட்ராத்தா வீட்டின் சுக்காய் பெத்தாக்கோ ஆண்டுக்கு ஒருமுறை.

சில மாதம் கழித்து நீங்களே ஒரு தேடல் எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயர், எழுத்துக்கூட்டல், அடையாள அட்டை எண், பங்கு விகிதம், எல்லாம் சரியா? அசல் பட்டா வங்கியிடம் இருக்கும், நகலை எஸ்பிஏ, முத்திரையிட்ட 14ஏ நகல், வரி ரசீதுகள், புதுப்பிப்புச் செலவு ரசீதுகளோடு ஒரே கோப்பில் வையுங்கள். என்றாவது விற்கும்போது சொத்து ஆதாய வரிக் கணக்கில் அந்தப் புதுப்பிப்பு ரசீதுகள் உதவும்.

இருபது முப்பது ஆண்டு கழித்துக் கடன் முடியும்போது வங்கி ஒரு கடிதம் அனுப்பும். பலர் அதைச் சட்டமிட்டு மாட்டாத குறையாக எடுத்து வைத்துவிட்டு அத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கடன் தீர்ந்தாலும் 16என் படிவம் பதிவாகும் வரை வங்கியின் அடமானம் பட்டாவிலேயே இருக்கும். வங்கி இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறியிருக்கும், அப்பா போய்ச் சேர்ந்திருப்பார், பிள்ளைகள் பழைய கிளையைத் தேடி அலைவார்கள். ஆகவே கடிதம் வந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பிடித்து விடுவிப்பைப் பதிந்து, அசல் பட்டாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.